சிவப்பு அட்டை மாட்டிய டென்ட்

போன சனிக்கிழமை வேப்பனப்பள்ளிப் பக்கம் ஒரு மாந்தோப்பு கேம்ப்பில் டென்ட் போட்டுத் தங்கப் போனோம் — நான், என் வீட்டுக்காரர், மகள் நஸ்ரின். திங்கட்கிழமை அவள் திருச்சி காலேஜ் ஹாஸ்டலுக்குப் போவதாக இருந்தது. அதற்குமுன் ஒரு ராத்திரி மூன்று பேரும் சேர்ந்து இருக்க வேண்டும்... அவள் கேட்டது அவ்வளவுதான். அவளுடைய அத்தாவுக்கு ஓசூர் ஃபேக்டரியில் எப்போது பார்த்தாலும் நைட் ஷிஃப்ட். ராத்திரியில் அவர் வீட்டில் இருந்தாலே எங்களுக்குப் பெருநாள்!

கேம்ப் விளம்பரப் போட்டோவில் ஏரி இருந்தது. நேரில் அது போர்வெல் தண்ணீர்த் தொட்டி. சரி, ஏரியை விடுங்கள். டென்ட் ஜிப் மூடவில்லை. உள்ளே ஒரே ஈர வாடை. மேனேஜரிடம் சொன்னேன். செல்போனிலிருந்து கண்ணை எடுக்காமலே, "நோட் பண்ணிக்கிறேன் மேடம்" என்றார். எதில்? கையில் பேனாகூட இல்லையே! அதற்குள் பெங்களூரு கார் ஒன்று வந்தது. "நமஸ்காரா சார்" என்று ஜூஸோடு ஓடிவிட்டார்.

என் வீட்டுக்காரர் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். பழுதான பார்ட் எதுவானாலும் 'ரெட் டேக்' மாட்டிவிடுவார் — ஒரு சிவப்பு அட்டை. அப்புறம் அதை யாரும் பயன்படுத்தக் கூடாது. உடனே உற்பத்தி லைனிலிருந்து எடுத்துவிட வேண்டும். சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து அட்டை கிடக்கும். கோபத்தில் ஒன்றை எடுத்து, 'ஜிப் பழுது' என்று எழுதி டென்டில் மாட்டினார்.

"இப்பவாச்சும் கண்ணுக்குத் தெரியுதான்னு பாப்போம்!"

தோப்பைச் சுற்றிவிட்டு வந்தால்... டென்டையே காணோம்.

அங்கே வேலை பார்க்கும் முனிராஜ் வந்தார். முன்பு ஏதோ கம்பெனியில் கான்ட்ராக்டில் இருந்தவராம். "ரெட் டேக் போட்டிருந்துச்சுங்க சார். விட்டு வைக்கக் கூடாதில்ல? பிரிச்சு ஸ்டோர்ல போட்டுட்டேன்" என்றார் பெருமையாக.

"வேற டென்ட்?"

"எல்லாம் ஃபுல்லுங்க. ஸ்டோரைப் பூட்டிக்கிட்டு மேனேஜரு ஓசூர் போயிட்டாருங்க."

டென்டைப் பிரித்ததுதான் அன்று அந்தக் கேம்ப்பில் உருப்படியாக நடந்த ஒரே வேலை! வாயால் சொன்னால் காற்றோடு போகிறது. அட்டையில் எழுதி மாட்டினால் சட்டமாகிவிடுகிறது. திட்டவும் முடியுமா? ஃபேக்டரியில் இதைத்தானே இவர் எல்லாருக்கும் சொல்லிக் கொடுக்கிறார்? "நீ செஞ்சது கரெக்டுதாம்பா" என்றார் பரிதாபமாக. மேனேஜருக்குப் போன் போட்டேன். நோட் பண்ணிக்கொண்டார்.

நஸ்ரின் முகம் வாடிவிட்டது. எனக்கு அழுகையே வந்தது. முனிராஜ்தான் மனசு கேட்காமல் மாமரத்தடியில் ஒரு தார்ப்பாய் விரித்துக் கொடுத்தார். பொழுது சாயும் நேரம், மூன்று பேரும் வரிசையாகப் படுத்தோம். அப்போதும் இவர் சும்மா இருந்தாரா? "பாய் ஓரம் கிழிஞ்சிருக்கு... அந்த பல்பு மினுக்குது..."

"அத்தா, திங்கக்கிழமை உங்களுக்கு என்ன ஷிஃப்ட்?" என்றாள் நஸ்ரின்.

"நைட்டும்மா."

"அப்ப நான் போனப்புறம் ராத்திரில அம்மா தனியாவா இருப்பாங்க?"

இவர் பல்பிலிருந்து கண்ணை எடுத்தார். மெல்ல என் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

மயிரிழைக் கீறலைக்கூட விடாத மனிதர்தான். ஆனால் நஸ்ரினுக்குக் காலேஜில் இடம் கிடைத்ததிலிருந்து ஒரு மாதமாக நான் சிரித்துச் சிரித்து மூடி வைத்திருந்ததை, மகள்தான் கண்டுபிடித்தாள்.