பழனாயி சொன்ன வாக்கு

சாமி வருவது பழனாயிக்குப் புதிதில்லை. பொங்கலூர்ப் பக்கம் மழை பொய்த்து, புருசனும் போய்ச் சேர்ந்து, தங்கச்சி முத்தாத்தாளைக் கையில் பிடித்துக்கொண்டு திருப்பூருக்குப் பனியன் கம்பெனி வேலைக்கு வந்த காலத்திலிருந்தே வரும். வருசத்துக்கு ஒருதரம், மாகாளியம்மன் பொங்கலன்றைக்கு மட்டும். உடுக்கைச் சத்தம் கேட்டதும் அடிவயிற்றில் சூடு கிளம்பும். அப்புறம் அவளுக்கு ஒன்றும் தெரியாது. கண் முழிக்கும்போது யாராவது முகத்தில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருப்பார்கள். சேலையை உதறிக்கொண்டு எழுந்து, மறுநாள் வழக்கம்போலக் கத்தரிக்கோலும் கையுமாகப் பனியன் ஓரத்து நூல் பிசிறு வெட்டப் போய்விடுவாள். மற்ற நாளெல்லாம் அவள் வெறும் பழனாயிதான். வாய் இருக்கிறதே, அப்பப்பா! கம்பெனி மேஸ்திரியே அவளிடம் எட்டி நின்றுதான் பேசுவார்.

தங்கச்சியை அவளே கட்டிக்கொடுத்தாள். மாப்பிள்ளை சென்னிமலையும் அதே கம்பெனியில் மிசின் ஓட்டினான். குடியிருப்பதும் அதே லைன் வீட்டில், ரெண்டு வாசல் தள்ளி. பஞ்சுத் தூசி அவன் நெஞ்சில் ஏறி, நாளெல்லாம் இருமிக்கொண்டு கிடந்தான். காலையில் முத்தாத்தாள் ஒரு கொட்டாங்குச்சியோடு வந்து நிற்பாள். அக்கா அடுப்பிலிருந்து ரெண்டு கங்கு வாங்கிப் போய்த்தான் தன் அடுப்பைப் பற்றவைப்பாள். லைன் முழுக்க அப்படித்தான், ஒரு வீட்டு நெருப்பு பத்து வீட்டுக்குப் போகும். தீப்பெட்டியைச் செலவழிப்பவளை ஊதாரி என்பார்கள்.

அறுபத்தாறில் ஸ்ட்ரைக் வந்தது. பஞ்சப்படி கேட்டுச் சங்கம் கொடி நட்டது. முதல் வாரம் கேட்க வேண்டுமா! பந்தலென்ன, கோசமென்ன, கஞ்சித் தொட்டியென்ன! இருபதாம் நாள் தொட்டி காலி. நாலைந்து பெண்கள் விடிவதற்குள் முக்காடு போட்டுக்கொண்டு பின்வாசல் வழியாக உள்ளே போனார்கள். முதலாளி பொங்கியண்ணன் அடியாள் வைக்கவில்லை, போலீசைக் கூப்பிடவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தார். பசி அவருக்காக வேலை பார்த்தது.

சங்கத்துச் செயலாளர் திருமூர்த்தி, கோயில் பக்கம் தலைவைத்தும் படுக்காதவன். அவன்தான் அன்றைக்குப் பழனாயி வாசலில் வந்து உட்கார்ந்தான்.

"ஏனுங்க்கா, நம்மகிட்டக் கொடி இருக்குது, ஆளிருக்குது, நாயமும் இருக்குது. சனத்தோட பயம் மட்டும் மொதலாளி மேலயே கெடக்குது. அதுல கொஞ்சம் நமக்கும் வேணுமுங்க."

"அதுக்கு நான் என்ன பண்றதுங்க தம்பி?"

"வர்ற வெள்ளிக்கெழம உங்களுக்குச் சாமி வரோணும்."

பழனாயி சிரித்துவிட்டாள். "கூப்புட்டா வர்றதுக்கு அது என்ன உங்க சங்கத்து மெம்பருங்களா?"

அவன் சிரிக்கவில்லை. "வரலீன்னாலும் வரோணுங்க்கா," என்றான்.

போடா என்று விரட்டியிருக்கலாம். முந்நூறு குடும்பம் தோற்றுப்போய்க் கையைக் கட்டிக்கொண்டு கம்பெனிக்குள் நுழைவதை நினைத்துப் பார்த்தாள், மனசு கேட்கவில்லை.

வெள்ளிக்கிழமை மூன்று மணி வெயில். மாகாளியம்மன் கோயில் வாசலில் உடுக்கை அடித்தது. பழனாயி தலைமுடியை அவிழ்த்துவிட்டு ஆடினாள். சூடு வரவில்லை. அடிவயிறு சில்லிட்டுக் கிடந்தது. 'உள்ளே போறவ எனக்கு ஆகாதவ' என்று மட்டும்தான் திருமூர்த்தி சொல்லிக்கொடுத்திருந்தான். அதைச் சொன்னாள். நிறுத்தப் போனாள். வாய் நிற்கவில்லை.

"போறவ அடுப்புல தீ எரியாது!"

இதை யாரும் அவளுக்குச் சொல்லித்தரவில்லை. எங்கிருந்து வந்தது என்று அவளுக்கே தெரியாது. குரல்கூடக் கொஞ்சம் தள்ளி, வேறு யாரோ நின்று பேசுவதுபோல் கேட்டது. பெண்கள் ஒவ்வொருத்தியாக வந்து கற்பூரத்தைக் கையால் அடித்து அணைத்துச் சத்தியம் செய்தார்கள். முதலில் அடித்தவள் முத்தாத்தாள்.

மறுநாள் பின்வாசலில் ஈ காக்கை இல்லை. திருமூர்த்தி பந்தலில் நின்று, தொழிலாளர் ஒற்றுமை என்று ஒரு மணி நேரம் பேசினான்.

சத்தியத்துக்கு நாலாம் நாள் சென்னிமலை ரத்தமாகத் துப்பினான். மருந்துக்கு வழியில்லை. முத்தாத்தாள் அக்காவிடம் சொல்லாமல், ஒரே ஒரு நாள், பின்வாசல் வழியாக உள்ளே போய்ப் பிசிறு வெட்டிவிட்டு வந்தாள். பாவி மகள், ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா!

யார் கண்ணில் பட்டாளோ, அடுத்த நாள் காலையில் லைன் முழுக்கப் புகை எழுந்தது, ஒரு கூரையைத் தவிர. முத்தாத்தாள் கொட்டாங்குச்சியோடு படியேறிய வீட்டிலெல்லாம் கதவு சாத்திக்கொண்டது. யாரும் கூடிப் பேசவில்லை, சங்கமும் உத்தரவு போடவில்லை. அக்கா வாசலுக்கு மட்டும் அவள் வரவே இல்லை. கடைக்காரன் தீப்பெட்டி கொடுத்தான், காசை மட்டும் கையில் வாங்கவில்லை, தரையில் வைக்கச் சொன்னான். அந்தக் குச்சிகளையும் அவளால் பற்றவைக்க முடியவில்லை. உரசும்போதெல்லாம் கை வெடவெடவென்று நடுங்கி, குச்சி ஒடிந்து விழுந்தது. புருசனும் பொண்டாட்டியும் அரிசியை ஊறவைத்து மென்றார்கள்.

ஆறாம் நாள் பொங்கியண்ணன் இறங்கி வந்தார். பஞ்சப்படி கிடைத்தது. பட்டாசு, மாலை, ஊர்வலம். ஊர்வலம் லைனுக்குத் திரும்பிவந்து நின்றதும் அந்தக் கூரையில் புகை இல்லாததைத்தான் பழனாயி பார்த்தாள். ஸ்ட்ரைக் முடியட்டும் என்று அதுவரை பல்லைக் கடித்துக்கொண்டிருந்தவள், நேராகச் சங்கத்து ஆபீசுக்குப் போனாள்.

"செயிச்சாச்சல்லங்க தம்பி, சொல்லிருங்க. அது பொய்யின்னு நீங்களே சொல்லிருங்க. என்ற தங்கச்சி வேகாத அரிசியத் திங்கறா."

திருமூர்த்தி எழுந்து நின்றான். முன்பெல்லாம் அவளைப் பார்த்து அவன் எழுந்ததே கிடையாது. "இன்னும் மூணு கம்பெனில பேச்சு நடக்குதுங்க்கா. இப்பச் சொன்னா எல்லாம் கலஞ்சு போயிரும்," என்றவன், அவள் முகத்தைப் பார்க்காமல், "அது முழுசும் பொய்யாங்க்கா? அடுப்பு வெசயம் நான் சொல்லவே இல்லீங்களே," என்றான். 

பழனாயிக்கு ஆத்திரம் தாங்கவில்லை. குழாயடிக்குப் போய், குடம் வைத்திருந்த அத்தனை பேருக்கும் நடுவில் கத்தினாள்: "கேட்டுக்கங்க! எனக்குச் சாமியும் வரல, பூதமும் வரல. நான் நடிச்சேன். முத்தாவுக்கு நெருப்புக் குடுங்க!"

  மருதாள் என்ற ஒருத்தி, பழனாயியோடு பத்து வருசம் ஒரே மேசையில் பிசிறு வெட்டியவள், குடத்தைக் கீழே வைத்தாள். மடியிலிருந்து கற்பூரத்தை எடுத்துப் பழனாயியின் காலடியில் ஏற்றினாள்.

"ஆத்தா நம்மளச் சோதிக்கறா," என்றாள். எல்லோரும் கும்பிட்டார்கள்.

பழனாயி வீட்டுக்கு ஓடினாள். தன் அடுப்பிலிருந்து கொட்டாங்குச்சி நிறையக் கங்கு அள்ளிக்கொண்டு தங்கச்சி வீட்டுக்குள் நுழைந்தாள். அவளே விறகடுக்கி, அவளே ஊதினாள். தீ பிடித்துக்கொண்டது. நன்றாகவே எரிந்தது.

"பாரு முத்தா! எரியுது பாரு! ஒண்ணுமில்ல கண்ணு, எல்லாம் பொய்யி."

முத்தாத்தாள் தீயைப் பார்த்து வீல் என்று அலறினாள். தண்ணீர்க் குடத்தைத் தூக்கி அப்படியே அடுப்பில் கவிழ்த்தாள். புகையும் சாம்பலுமாக வீடு நிறைந்தது. அந்த ஈரத்தில் அவள் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து அக்காவின் காலைப் பிடித்துக்கொண்டாள்.

"தப்புப் பண்ணிட்டனுங்க ஆத்தா. அவர மட்டும் உட்டுருங்க."

"அடி, நான் உன்ற அக்கா! பழனாயி! மூஞ்சியப் பாரு புள்ள!"

முத்தாத்தாள் தலையைத் தூக்கி அவள் முகத்தையே வெகுநேரம் பார்த்தாள். அப்புறம் மெதுவாக, மிகுந்த மரியாதையோடு கேட்டாள்:

"எங்கக்காள எப்பத் திருப்பி அனுப்புவீங்க ஆத்தா?"