கிளிக்கைக் கேட்காத லேப்டாப்பும் கிரேன் அண்ணனும்

இரண்டு ஆள் சேர்ந்து பிடிக்க வேண்டிய பெட்டியை ஒரே தம்மில் தோளுக்கு ஏற்றிவிடுவாராம். அதனால் எங்கள் கிடங்கில் அண்ணனுக்குக் கிரேன் என்று பேர். நான் வேலைக்குச் சேர்ந்த சமயம் அவர் பெட்டி தூக்குவதை விட்டிருந்தார். முதுகு போய்விட்டது. பாவம் பார்த்து மேனேஜர் அவரைக் கண்ணாடித் தடுப்புக்குள் உட்கார வைத்திருந்தார். எந்த லாரியில் என்ன ஏறுகிறது என்று லேப்டாப்பில் பதிந்து, டிரைவரிடம் சீட்டு அச்சடித்துக் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை.

"பாப்போம். சரிப்பட்டு வரலைன்னா வேற ஆள்" என்று சொல்லித்தான் அந்த நாற்காலியைக் கொடுத்திருந்தார் மேனேஜர். சரிப்பட்டு வராவிட்டால் அண்ணன் வீட்டுக்குத்தான் போக வேண்டும். முதுகு இல்லாத கிரேனை எவன் வைத்துக்கொள்வான்?

நான் அங்கே கம்ப்யூட்டர் பார்க்கிறவன். எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம் என்னுடையதுதான். வந்தவர் போனவருக்கெல்லாம் என் பட்டமளிப்புப் படத்தைக் காட்டி அம்மாவுக்கு அலுத்ததே இல்லை. எனக்கும் அதில் கொஞ்சம் தலைக்கனம் உண்டு, பொய் சொல்வானேன்.

அன்றைக்குக் காலையில் அண்ணன் போன் பண்ணினார். பக்கத்தில் யாருக்கும் கேட்டுவிடக் கூடாது என்பது போன்ற குரல்.

"தம்பி, ஒரு எட்டு வந்துட்டுப் போங்களேன். இது கிளிக்கு பண்ணா கேக்க மாட்டேங்குது."

போய்ப் பார்த்தேன். திரையில் அம்பு நன்றாக நடமாடுகிறது. எதன் மேல் வைத்து அமுக்கினாலும் கல் மாதிரி இருக்கிறது. அணைத்துப் போட்டேன். செட்டிங்ஸைக் குடைந்தேன். ஒன்றும் நடக்கவில்லை. என் அறைக்குத் தூக்கிக்கொண்டு போய்த் திறந்தால், சொன்ன பேச்சைக் கேட்கிறது! சரியாகிவிட்டது என்று கிடங்குக்குக் கொண்டு வந்து வைத்தேன். மறுபடியும் கல்.

கண்ணாடிக்கு வெளியே லோடு ஏற்றுகிற ஆட்கள் கூடிவிட்டார்கள். அதில் மொட்டை என்று ஒருவன் இருக்கிறான், வாய் சும்மா இருக்காது.

"அண்ணே, அதுக்கு ஏசி ரூம் கேக்குதுண்ணே. நம்ம தம்பி மாதிரி அதுவும் பட்டம் வாங்கினதாட்டம் இருக்கு."

எல்லோரும் சிரித்தார்கள். அண்ணன் சிரிக்கவில்லை. மேஜைக்கு அடியில் இருந்த சாப்பாட்டுப் பையைக் காலால் இன்னும் உள்ளே தள்ளினார்.

வெளியே லாரிக்காரர்கள் ஹாரன் அடிக்க ஆரம்பித்ததும் மேனேஜரே வந்துவிட்டார்.

"என்னய்யா, நேத்தும் இதே கதை, இன்னிக்கும் இதே கதையா?"

"நான் எதையும் அமுக்கலீங்க சார்."

மேனேஜர் என் பக்கம் திரும்பினார். "நீ படிச்சவன், சொல்லு. மெஷின் நல்லா இருக்கா, இல்லையா?"

"மெஷின் நல்லாத்தான் சார் இருக்கு" என்றேன். என் அறையில் வேலை செய்ததே, அதை வைத்துச் சொன்னேன். சொல்லி முடித்த பிறகுதான் அந்தப் பதில் யார் தலையில் போய் விழுகிறது என்று உறைத்தது. அண்ணன் முகம் செத்துப்போயிற்று.

"அப்ப ஆளை மாத்திட வேண்டியதுதான்" என்றார் மேனேஜர்.

பதறிப்போய் லேப்டாப்பைத் தூக்கித் திருப்பினேன். பக்கவாட்டில் நகம் அளவுக்கு ஏதோ சொருகியிருந்தது. வயர் இல்லாத மவுஸுக்குச் சொருகுகிற ரிசீவர்.

குனிந்து மெதுவாகக் கேட்டேன். "அண்ணே, இதோட மவுஸ் எங்கே?"

"மவுஸா? அதெல்லாம் இல்லையே தம்பி." காது மடல் சிவந்துவிட்டது.

மேற்கொண்டு கேட்க மனசு வரவில்லை. ரிசீவரைப் பிடுங்கிவிட்டு அமுக்கிப் பார்த்தேன். கிளிக் விழுந்தது. தப்பித்தார் என்று மூச்சு விட்டேன்.

"சரி, உக்காரு. நிக்கிற வண்டிக்குச் சீட்டுப் போடு, பாக்கறேன்." மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

அண்ணன் உட்கார்ந்தார். லேப்டாப்பின் டச்பேடில் ஆள்காட்டி விரலை வைத்துத் தேய்த்தார். அம்பு அசையவில்லை. கயிறும் மரப்பெட்டியும் பிடித்துப் பிடித்துக் குதிகால் மாதிரி காய்த்துப்போன விரல் நுனி. டச்பேட் அதை விரலாகவே மதிக்கவில்லை. நுனி நாக்கில் தொட்டு ஈரமாக்கி மறுபடி தேய்த்தார். அம்பு கொஞ்சம் நொண்டி, நின்றுவிட்டது.

"லாரியையே தள்ளின மனுஷன்யா, ஒரு அம்பைத் தள்ள முடியலியே" என்றான் மொட்டை.

அண்ணனுக்கு நெற்றியெல்லாம் வேர்வை. மேனேஜரைப் பார்த்தார், கண்ணாடிக்கு வெளியே நிற்கிறவர்களைப் பார்த்தார். அப்புறம் முதுகைப் பிடித்துக்கொண்டு குனிந்து பையை இழுத்தார். சாப்பாட்டு டப்பாவுக்கு அடியிலிருந்து ஒரு துணிப் பொட்டலம் வந்தது. பிரித்தால் உள்ளே குறுக்கும் நெடுக்குமாக ரப்பர் பேண்டு. ரப்பர் பேண்டுக்குள்ளே ரோஸ் கலரில், பூனைக் காது வைத்து, மீசை வரைந்த ஒரு மவுஸ்.

 வெளியே யாரோ "மியாவ்" என்றான். கிடங்கே குலுங்கிச் சிரித்தது.

எனக்கு அப்போதுதான் விளங்கியது. யாரும் இல்லாதபோது அதை வைத்து வேலை பார்ப்பார். ஆள் நடமாட்டம் தெரிந்தால் அவசரமாகச் சுற்றிப் பைக்குள் போட்டுவிடுவார். அதை அணைத்து வைக்க அடியில் ஒரு பொத்தான் இருப்பது அவருக்குத் தெரியாது. ரப்பர் பேண்டு சரியாக இடது பொத்தானின் மேல் ஏறி, அதை அமுக்கிக்கொண்டே இருந்திருக்கிறது. பைக்குள் இருந்தபடியே பூனை பிடித்த பிடியை விடவில்லை. எங்கள் கிளிக் எப்படி விழும்? என் அறை தூரம், அதன் பிடி அங்கே எட்டவில்லை.

"விரல் இதுல புடிக்க மாட்டேங்குது சார்" என்றார் அண்ணன், மேஜையைப் பார்த்தபடி. "பொண்ணுகிட்ட ஒரு மவுஸ் வாங்கிட்டு வாம்மான்னு சொன்னேன். அவளுக்குப் புடிச்சதா வாங்கிட்டா. இவங்க முன்னாடி எடுக்கக் கூச்சமா இருந்துச்சு."

"இதுக்கா ரெண்டு நாளா வண்டியை நிறுத்தி வச்ச?" மேனேஜருக்குக் கோபப்படுவதா, சிரிப்பதா என்று தெரியவில்லை. "போடுய்யா சீட்டை."

ரிசீவரைச் சொருகினேன். அண்ணனின் உள்ளங்கைக்குள் பூனை முழுசாக மறைந்துபோனது, விரல் இடுக்கில் காது மட்டும் நீட்டிக்கொண்டிருந்தது. சீட்டுகள் மளமளவென்று வந்து விழுந்தன. மேனேஜர் கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, "இனிமே எதையும் ஒளிக்காத, இந்த வேலையை நீயே பாரு" என்று சொல்லிவிட்டுப் போனார். வேலை நிலைத்தது. ஆனால் மத்தியானம் வரைக்கும் அண்ணன் தலை நிமிரவில்லை. சாப்பிடப் போகவும் இல்லை.

"மன்னிச்சுக்குங்கண்ணே, மெஷின் நல்லாருக்குன்னு நான் பட்டுனு சொல்லியிருக்கக் கூடாது" என்றேன். "எங்கிட்ட கருப்பு மவுஸ் ஒண்ணு சும்மா கிடக்கு, தரட்டுமா?"

"தாங்க தம்பி" என்று சட்டென்று கையை நீட்டினார். அப்புறம் மடக்கிக்கொண்டார்.

"வேணாம். தெனம் சாயங்காலம் வீட்டுல எம் பொண்ணு இதை எடுத்துப் பாப்பா. அழுக்காகாம இருந்தா ஏன் தொடலைன்னு கேப்பா. கைக்குட்டை ஒண்ணு இருந்தா குடுங்க."

கொடுத்தேன். இப்போதும் வெளியாள் யாராவது தடுப்புக்குள் நுழைந்தால், கையையும் மவுஸையும் சேர்த்துக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு வேலையைத் தொடர்கிறார். புதிதாக வருகிற டிரைவர்கள் கேட்கிறார்கள்: "கையில அடிபட்டுடுச்சாண்ணே?"

"ஆமாப்பா, லேசா" என்கிறார்.