பெரிய குண்டுக்கு ஒரு சிட்டிகை கூடுதல்

துப்பாக்கியில் பெரிய குண்டுக்கு வெடிமருந்து நிறைய வேண்டும், சின்னக் குண்டுக்குக் கொஞ்சம் போதும் என்றுதான் ஒன்பது வயதில் நான் நம்பிக்கொண்டிருந்தேன். தொந்தி பெரிதென்றால் சோறும் கூடத்தானே வேண்டும்? என் விஞ்ஞானம் அவ்வளவுதான்.

மாமா அத்தையோடு ராயபுரத்தில் எங்கள் வீட்டிலேயே இருந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் லைசென்ஸ் ரிவால்வரோடு துப்பாக்கி கிளப்புக்குப் போய்க் குறி அட்டையைச் சுடுவார். சுட்டு முடித்த தோட்டாக்களின் காலிப் பித்தளைக் குப்பிகளைப் பொறுக்கி வந்து, நகைக்கடைத் தராசு மாதிரி ஒன்றில் மருந்தை நிறுத்து, முறையாக அனுமதி வாங்கி வீட்டிலேயே தோட்டா அடைப்பார்.

அந்தச் சனிக்கிழமை மேஜையில் குப்பிகள் இரண்டு வரிசையாக நின்றன. பெரிய குண்டுக்கான வரிசையில் மருந்து குறைவு, சின்னதற்கான வரிசையில் அதிகம். எனக்கு மனசு கேட்கவில்லை. தெருவில் தண்ணீர் லாரி ஹாரன் அடித்ததும் மாமா குடத்தோடு ஓடினார். நான் சின்னதுகளிடமிருந்து ஆளுக்கொரு சிட்டிகை எடுத்துப் பெரியதுகளுக்குப் போட்டேன். நியாயம் வழங்கிய திருப்தியோடு கோலி விளையாடப் போய்விட்டேன்.

மறுநாள் மாமா கிளப்புக்குக் கிளம்பிப் போன பிறகு, சங்கரா மீன் ஆய்ந்துகொண்டிருந்த அத்தையிடம் மெல்லக் கேட்டேன்.

"ஏன் அத்தே, பெரிய குண்டுக்கு மாமா மருந்து கம்மியா போடறாரு? கஞ்சத்தனமா?"

"ஐய, அது இன்னா பிரியாணியா, அள்ளிப் போட? குண்டு கனமா இருந்தா கம்மியாத்தான் போடணுமாம். கூடப்போச்சுன்னா துப்பாக்கி கையிலயே பொளந்துக்குமாம். தெனம் இதே பாட்டுதான் பாடிகினு கீறாரு உங்க மாமா."

அத்தையிடம் சொல்லலாமா? மீன் வெட்டுகிற கத்தி அவள் கையில் இருக்கிறது. கிளப்புக்கு ஓடலாமா? எந்த பஸ் என்று தெரியாது. ஒருவேளை அத்தை மாற்றிச் சொல்கிறாளோ? கனமானதைத் தள்ளத்தானே தெம்பு வேண்டும்? யோசிக்க யோசிக்கத் தலை சுற்றியது. வலது கை போன மாமா எப்படி கிரேன் ஓட்டுவார்? மாதாவுக்கு மெழுகுவர்த்தி, அம்மனுக்குக் கூழ், தர்காவுக்குச் சர்க்கரை என்று யாரையும் விடாமல் வேண்டிக்கொண்டேன்.

மத்தியானம் மாமா வந்தார். வலது கையில் கட்டு.

"ஐயோ மாமா! நான்தான் உன் கைய வெடிக்க வெச்சேன்!"

"டேய், இன்னாடா ஒளர்ற? பஸ்ஸு ஜன்னல் ஷட்டரு வெரல் மேல வுழுந்துச்சுடா."

அழுதுகொண்டே எல்லாவற்றையும் கக்கினேன். "நல்லா தீர்ப்பு சொன்ன போ, ஜட்ஜய்யா!" என்று சிரிக்க ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்திக்கொண்டார். சாயங்காலமே அந்த அறைக்குப் பூட்டு வந்தது. சிரித்த மனுஷன் எதற்குப் பூட்டு வாங்குகிறார் என்று எனக்கு விளங்கவில்லை.

நடந்தது இவ்வளவுதான்: வேலையின் நடுவில் எழுந்துவிட்டால், மாமா எல்லாக் குப்பிகளையும் கவிழ்த்துக் கொட்டிவிட்டு முதலிலிருந்து நிறுப்பார். தண்ணீர் பிடித்து வந்ததும் அன்றும் அப்படியே செய்திருக்கிறார். நான் போட்ட அளவில் ஒரு தோட்டாகூட அடைக்கப்படவில்லை.