மார்த்தா வீட்டு இரண்டு வருத்தம்

ஆலங்குடாவில் கருவாடு காயப்போடும் மார்த்தாவிடம் சுகம் விசாரித்தால், "ஏதோ கிடக்கிறன்" என்பாள். வேறென்ன சொல்ல? வீட்டில் இரண்டு பேருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. புருஷன் பஸ்தியான் தடித்த ஆள். சோற்றைக் குறைத்து, பாகற்காயும் குரக்கன் ரொட்டியும் தின்றே வருஷக்கணக்காய் ஓட்டிவிட்டார். மகள் யூஜீனியாவுக்கும் அதே வருத்தம் வந்தபோது, பாவி மனிசி மார்த்தா மகளின் சோற்றையும் குறைத்தாள். தகப்பனைத் தேற்றிய பத்தியம் மகளைத் தேற்றாதா என்ற நம்பிக்கைதான். பிள்ளை உருகி, நினைவில்லாமல் விழுந்தாள்.

புத்தளம் ஆஸ்பத்திரி டொக்டர் பொறுமையாகச் சொன்னார்: "பேர் ஒண்டு, வருத்தம் வேற. அவர்ட உடம்பில இன்சுலின் ஊறுது, சரியா வேலை செய்யுதில்ல. அவர் பத்தியத்தோட சமாளிப்பார். பிள்ளைட உடம்பில அது ஊறுறதே இல்ல. ஊசி இல்லாட்டிப் பிள்ளை இல்ல."

அன்றிலிருந்து தினமும் ஊசியை அவித்து மகளுக்குக் குத்துவதும், மருந்துக் குப்பி சூடேறாமல் தண்ணீர்ப் பானையடி ஈரமணலில் புதைப்பதும் மார்த்தாவின் பாடு. உலக யுத்தகாலம் வேறு, கப்பல் வந்தால்தான் மருந்து.

பஸ்தியானின் காலில் சிப்பி வெட்டிய புண் ஆறாமல் கிடந்தது. "முதல்ல வருத்தம் வந்தது எனக்கு. எனக்குப் பாகற்காய், அவளுக்கு வெள்ளைக்காரன்ட மருந்தோ?" என்று முணுமுணுத்துக்கொண்டே இருப்பார்.

ஒருநாள் காலையில் மார்த்தா குப்பியை எடுத்தாள். மருந்து அடிமட்டத்தில் நின்றது. கதிரையில் பஸ்தியான் வியர்த்து, கைகால் நடுங்க இருந்தார்.

"எனக்கு நான்தான் குத்தினன்" என்றார்.

ஊசி மிஞ்சி உடம்பில் சீனி இறங்கிவிட்டதென்று, அவசரமாகச் சீனி கரைத்துப் பருக்கினாள். அவர் தெளிந்த பிறகு ஏசவும் அவளுக்குத் தெம்பில்லை. "இந்த ஊசி இல்லாமலே இவ்வளவு காலம் இருந்தீங்களே, மனிசன்! அவளால ஏலுமா? மிச்சம் நாளை வரைக்கும்தான் காணும்."

பஸ்தியான் பாயில் சுருண்டு கிடந்த மகளைப் பார்த்தார். புண்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு, நொண்டி நொண்டிக் கரைக்குப் போய்ப் புத்தளம் போகும் வள்ளத்தில் ஏறினார்.

மறுநாள் பொழுதுசாய வள்ளக்காரன் மனுவேல் தனியாக வந்தான். ஈரத்துணியில் சுற்றிய புதுக் குப்பியை அவள் கையில் வைத்தான்.

"அவர் எங்க?"

"டொக்டர் மறிச்சிட்டார், அக்கா. புண் அழுகி மேல ஏறிட்டுதாம், காலை எடுக்கவேணுமாம். குப்பி வள்ளத்தில ஏறினபிறகுதான் கட்டில்ல படுப்பன் எண்டு நிண்டார்."

மார்த்தா மணலில் குந்தியிருந்து வாய்விட்டு அழுதாள். பிறகு எழும்பி, ஊசியை அவிக்க அடுப்பை மூட்டினாள்.