சிப்பாய்கள் பேசிய மரியாதை

நீதிமன்றத்தில் பதினெட்டு வருஷம் வாக்குமூலம் தட்டச்சு செய்தவர் என்பதால், வேதாகம மொழிபெயர்ப்புக் குழுவில் அவருக்கு டைப்பிஸ்ட் அக்கா என்றே பெயர். சாட்சி திட்டினால் திட்டியபடியே அடிக்க வேண்டும், அதுதான் அங்கே பழக்கம். அந்தப் பிடிவாதம் இங்கேயும் கூடவே வந்துவிட்டது.

வீட்டுக்காரர் சும்மா விடுவாரா? "கடவுளுக்கு என்ன மரியாதை போடணும்னு ஊருக்கே சொல்றே. எனக்கு ஒரு 'ங்க' போட்டா குறைஞ்சா போயிடுவே?"

"நீ முதல்ல டீயைக் குடி, ஆறிப்போகுது."

அன்றைக்குக் குழு கூடியிருந்தது. அக்கா முதன்முதலாகத் தனியாக மொழிபெயர்த்த பகுதி விவாதத்துக்கு வந்திருந்தது. சிப்பாய்கள் இயேசுவைக் கண்ணைக் கட்டி அறைந்து, அடித்தது யாரென்று சொல்லச் சொல்லிக் கேலி செய்யும் இடம். குழுவின் கையிலிருந்த ஆங்கிலப் பிரதியில் அவரைக் குறிக்கும் சொல்லுக்கெல்லாம் முதலில் கேபிடல், அதாவது பெரிய எழுத்து. நம்மிடம் பெரிய எழுத்துக்கு எங்கே போவது? அதற்கு ஈடாக, பேசுவது யாராக இருந்தாலும் 'நீர்' போட்டுவிட வேண்டும் என்றார் குழுத் தலைவர்.

"அறையறவன் 'நீர்'னா சொல்லுவான், ஐயா?"

"'நீ'ன்னு போட்டா, கேக்கறவங்களுக்கும் அவர்மேல மரியாதை போயிடும்மா."

இருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. இப்படி இழுபறி வந்தால், கதை தெரியாத ஒருவரிடம் இரண்டையும் வாசித்துக் காட்டுவது குழுவின் வழக்கம். அக்கா தோற்றால் பகுதி வேறொருவர் கைக்குப் போய்விடும். லிஃப்ட் ரிப்பேருக்கு வந்தவர் அன்று மாட்டிக்கொண்டார். ஸ்பானரும் கையுமாக வாசலிலேயே நின்றார்.

தலைவர் 'நீர்' போட்ட தன் பிரதியை முதலில் வாசித்தார்.

"அடிக்கிறாங்க, சரி. ஆனா மரியாதை தெரிஞ்ச ஆளுங்கபோல" என்றார் ரிப்பேர்காரர். அறையே சிரித்தது. தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

அடுத்து அக்கா. முதல் வரியை மெல்ல ஆரம்பித்தார், இரண்டாவது வரியில் குரல் சூடு பிடித்தது. சிப்பாய்கள் 'நீ' என்றார்கள், 'சொல்லு' என்றார்கள்.

"நிறுத்துங்கம்மா!" ரிப்பேர்காரருக்கு முகம் சிவந்துவிட்டது. "யாரு இவனுங்க? கண்ணைக் கட்டிட்டு அடிக்கிறதுமில்லாம, அவரைப் போய் நீ, வான்னு... அவரு திருப்பி ஒண்ணுமே சொல்லலையா?"

அடி சக்கை! அக்காவுக்கு மேஜைமேல் ஏறிக் குதிக்கலாம்போல இருந்தது. சிப்பாய்கள் எவ்வளவு இழிவாகப் பேசினாலும், கேட்ட மனுஷன் வாயில் மரியாதை கொஞ்சமும் குறையவில்லை.

"லிஃப்ட் கிடக்கட்டும். அப்புறம் அவரை என்ன பண்ணாங்க?"

தலைவரே எழுந்து அவருக்கு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"உட்காருங்க தம்பி. அம்மா எழுதினதையே முழுசா கேப்போம்."