விமல்ராஜுக்குக் காதுகுத்து

செஞ்சி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், செல்போன் கடை ஒன்றின் மாடியில் ஜெயக்கொடியும் விமல்ராஜும் இணையதளங்கள் செய்து கொடுக்கிறார்கள். திண்டிவனத்தில் ஒன்றாகப் படித்தவர்கள். திரையில் தெரியும் பக்கம் ஜெயக்கொடியின் வேலை. அந்தப் பக்கம் அனுப்புவதை வாங்கிப் பதிவு செய்து பதில் சொல்லும் சர்வர் நிரல் விமல்ராஜின் வேலை. எது கெட்டாலும் அது அடுத்தவர் பக்கத்துத் தப்பு என்பதில் மட்டும் இருவருக்கும் கருத்து வேறுபாடே கிடையாது.

ஜெயக்கொடிக்கு அவலூர்பேட்டை. அப்பாவை அவள் நைனா என்பாள்; அவருக்கு மணிலா, அதாவது வேர்க்கடலை வியாபாரம். சின்ன வயதிலிருந்தே அவளுக்கு வாய் சும்மா இருக்காது. கம்ப்யூட்டருக்கு வந்த பிறகு கையும் சும்மா இருப்பதில்லை. சோதனைக்காக ஒரு படிவத்தை நிரப்பச் சொன்னால் மற்றவர்கள் 'அஅஅ' என்று தட்டிவிட்டுப் போவார்கள். அவள் அப்படிச் செய்ய மாட்டாள். அன்றைக்கு யார்மேல் கடுப்போ அவர்களை உள்ளே இழுத்துவிடுவாள்.

பந்தல், பாத்திரம் வாடகைக்கு விடும் ராஜாங்கத்துக்கு இருவரும் ஒரு இணையதளம் செய்துகொண்டிருந்தார்கள். வீட்டிலிருந்தே ஆர்டர் போடலாம்; போட்டதும் ராஜாங்கத்தின் போனுக்குச் செய்தி போய்விடும். எல்லாம் தயார். ஆனால் பொத்தானை அழுத்தினால் மட்டும் 'ஆர்டர் போகவில்லை, மீண்டும் முயலவும்' என்று சிவப்பில் வந்தது.

"உன் நிரல் தூங்குது விமலு," என்றாள்.

"என்னுது ஓடுது. உன் பேஜ் ஒழுங்கா அனுப்பினாத்தானே வாங்கும்?"

"இன்னா அனுப்பல? எல்லாம் அனுப்பியாச்சு. போய் பாரு."

"நீ மொதல்ல உன்னுத பாரு."

இருவரும் பார்க்கவில்லை. விமல்ராஜ் டீ குடிக்கக் கீழே இறங்கிப் போனான். அந்தக் கோபத்தில் ஜெயக்கொடி படிவத்தை நிரப்பினாள். விசேஷம்: காதுகுத்து. பெயர்: விமல்ராஜ். முகவரி: சிறுகடம்பூரில் அவன் வீடு. தேதி: நாளை. ஐந்நூறு பேருக்குப் பந்தல், சமைக்கப் பெரிய டேக்சா, நாற்காலி, சீரியல் லைட். அழுத்தினாள். போகவில்லை என்றது. திரும்ப அழுத்தினாள். போகவில்லை. அவன் படியேறி வரும்வரை சிரித்துக்கொண்டே அழுத்திக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை அவளுக்கு விமல்ராஜிடமிருந்து போன் வந்தது. குரலே சரியில்லை.

"கொடி, வூட்டு வாசல்ல பந்தல் போட்டுக்கினு இருக்கானுங்க. சீக்கிரம் வா."

அவள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் பாதியை ஷாமியானா மூடியிருந்தது. குட்டியானை வண்டியிலிருந்து நாற்காலிகள் இறங்கிக்கொண்டே இருந்தன. ராஜாங்கம் வியர்வையைத் துடைத்தபடி வந்தார்.

"ஒரே ஆர்டரு திரும்பத் திரும்ப வந்துச்சும்மா. நம்ம தம்பி வூட்டு விசேஷமாச்சே, ரொம்ப அவசரம் போலன்னு ரெண்டு வண்டில ஏத்தினு வந்துட்டேன்."

விமல்ராஜுக்கு இன்னும் கல்யாணமே ஆகவில்லை. தெருவே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. அவன் அம்மா வள்ளியம்மாள் வாசற்படியில் நின்று அவனை உலுக்கினார்.

"யாரு புள்ளைக்குடா காதுகுத்து? எங்கடா வெச்சிருக்க அவள?"

"எனக்கு இன்னாம்மா தெரியும்!"

ஜெயக்கொடிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. ஆனால் வள்ளியம்மாளின் கண் கலங்கியிருந்ததைப் பார்த்ததும் அடங்கிப் போனாள். ஒரு நாற்காலிமேல் ஏறி நின்று, தெருவுக்கே கேட்கும்படி கத்தினாள்: "புள்ளையும் இல்ல, பொண்ணும் இல்ல! நான்தான் வெளாட்டுக்குப் போட்டேன். காதுகுத்து இவனுக்குத்தான்!"

தெரு விழுந்து விழுந்து சிரித்தது. விமல்ராஜ் தலையில் கைவைத்து உட்கார்ந்தான். அப்போதுதான் ஜெயக்கொடிக்கு உறைத்தது.

"டேய், பந்தல் வந்துடுச்சுன்னா ஆர்டர் போயிருக்குது! அப்புறம் ஏன் போகலன்னு சொல்லுது?"

பந்தலுக்குக் கீழேயே மடிக்கணினியைத் திறந்தாள். பக்கத்துக்கும் சர்வருக்கும் இடையே போய்வருவதைக் காட்டும் பகுதியை எடுத்தாள். நேற்றே பார்த்திருக்க வேண்டியது. அனுப்பியது ஒழுங்காகப் போயிருந்தது. சர்வரின் பதிலும் வந்திருந்தது. ஆனால் ஒரு குறிப்பிட்ட வடிவத்தில் மட்டுமே இருக்க வேண்டிய அந்தப் பதிலுக்கு முன்னால் ஒரு வரி ஒட்டிக்கொண்டிருந்தது. அதைச் சத்தமாகப் படித்தாள்.

"வந்துட்டேன் மகாராணி."

விமல்ராஜ் நாக்கைக் கடித்துக்கொண்டான். "நிரல் ஓடுதான்னு பாக்க சும்மா ஒரு வரி போட்டு வெச்சேன். எடுக்க மறந்துட்டேன்."

"யாருடா மகாராணி?"

அவன் மடிக்கணினியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். அந்த ஒரு வரியால் பதிலின் வடிவம் கெட்டுப்போய், பக்கம் குழம்பி, போன ஆர்டரையெல்லாம் போகவில்லை என்று சொல்லியிருந்தது. வரியை அழித்தான். அவள் தன் பங்குக்கு, ஒருமுறை அழுத்திய பொத்தான் பதில் வரும்வரை மறுபடி வேலை செய்யாதபடி மாற்றினாள்.

குட்டியானைகள் வேறு சவாரிக்குப் போய்விட்டன. சாயந்திரம்தான் பந்தலைப் பிரிக்க முடியும். கூடியிருந்த சனமும் கலைகிற மாதிரி இல்லை. வள்ளியம்மாள் ஒரு டேக்சாவை அடுப்பில் ஏற்றி, கரண்டியை ஜெயக்கொடி கையில் திணித்தார்.

"வந்த சனத்துக்குக் கேசரி கிண்டு. அடிபுடிச்சா உனக்குத்தான் காதுகுத்து."

கை வலிக்க வலிக்கக் கிண்டினாள். அடிபிடிக்கவில்லை.

அடுத்த வாரம் இணையதளம் பொதுமக்களுக்குத் திறந்தது. மேல்சித்தாமூரிலிருந்து அனந்தமதி என்பவர் புதுமனை புகுவிழாவுக்கு ஆர்டர் போட்டார். 'ஆர்டர் கிடைத்தது' என்று பச்சையில் வந்தது. ஆனாலும் ராஜாங்கம் உடனே அவருக்குப் போன் போட்டார்.

"யம்மா, தப்பா நெனச்சுக்காதீங்க. நெசமாவே வூடு கட்டியிருக்கீங்கதானே?"