அழுதவரிடம் நான் கேட்ட கேள்வி

பிரிக்பீல்ட்ஸ் நூலகத்தில் அந்த ஆவணப்படத்தைத் திரையிட்டவர் எங்கள் கொண்டோ அடுக்குமாடிக் குடியிருப்பின் நிர்வாகக் குழுத் தலைவர். அதனால்தான் போனேன். கறுப்பின மக்களின் உரிமைக்காகப் போராடிச் சுட்டுக் கொல்லப்பட்ட அமெரிக்கத் தலைவர் ஒருவரைப் பற்றிய படம். அந்தத் தலைவரைப் பற்றி எனக்கு ஓரளவு தெரியும். எங்கள் தலைவரைப் பற்றி அதைவிட நன்றாகத் தெரியும்.

அவர் வழக்கறிஞர். மைக் இருக்கும் இடத்தில் அவரும் இருப்பார். பொங்கல் விழாவோ தீயணைப்புப் பயிற்சியோ, கையில் மைக் கிடைத்தால் சமத்துவம் பேசாமல் இறங்க மாட்டார்.

திரையிடலுக்குச் சில நாள் முன்புதான் அவரிடம் போய் நின்றிருந்தேன். அதே கொண்டோவின் நாலாம் மாடியில் எனக்கு இன்னொரு வீடு உண்டு. அதை உகாண்டாவிலிருந்து வந்த ஒரு பெண்ணுக்கு வாடகைக்கு விட்டேன். சுபாங் ஜெயாவில் பொதுச் சுகாதாரம் படிக்கிறாள். வீடு பார்க்க வந்த அன்று எதுவும் பேசுமுன் எல்லாக் குழாய்களையும் திறந்து தண்ணீர் வேகத்தைப் பார்த்தாள். அப்போதே எனக்குப் பிடித்துவிட்டது. இரண்டு பைகளோடு குடிவந்தாள். ஆனால் கேட்டையும் லிஃப்டையும் திறக்கும் அக்சஸ் கார்டு ஆப்பிரிக்கர்களுக்குக் கிடையாது என்று கொண்டோ அலுவலகம் மறுத்துவிட்டது. அவள் வெளியே போய் வரும்போதெல்லாம் நான் கீழே இறங்கிப் போய், திருடியைப் பிடித்து வருவதுபோல் மேலே கூட்டி வர வேண்டியிருந்தது.

"அக்கா, எனக்கு ஒண்ணுமில்ல. நானா வேணாங்கிறேன்?" என்றார் வழக்கறிஞர். "மத்த ஓனர்ஸ் கம்ப்ளேன் பண்ணுவாங்க லா. வீட்டு வெல எறங்கிடும். செக்யூரிட்டி இஷ்யூ வேற."

"என்ன செக்யூரிட்டி? அந்தப் பொண்ணு கொசுவப் பத்தி ஆராய்ச்சி பண்ணுது."

"இன்னிக்கு ஒருத்தி. நாளைக்குப் பத்து பேரக் கூட்டிட்டு வருவா. உங்களுக்குத் தெரியாதுக்கா."

அன்று சாயங்காலமே வாட்ஸ்அப் குழுவில் அவருடைய அழைப்பு வந்தது. மனித சமத்துவத்துக்காக ஒரு மாலைப் பொழுதாம். அனைவரும் வருகவாம். கீழே, தேநீர் உண்டு என்று போட்டிருந்தது.

நூலகத்தின் மேல்மாடி அறை நிறைந்திருந்தது. மேடைக்குப் பின்னால் பேனர். அதில் செத்துப்போன தலைவரின் படத்தைவிட வழக்கறிஞரின் படம் பெரிதாக இருந்தது. இறந்தவர் எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். இவர் நேராக எங்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

படத்துக்கு முன் ஓர் உரை. இளம் வயதில் பெட்டாலிங் ஜெயாவில் அறை தேடிய கதையைச் சொன்னார். ஃபோனில் இவருடைய ஆங்கிலத்தைக் கேட்டு உடனே வரச் சொன்னார்களாம். வாசலில் இவருடைய நிறத்தைப் பார்த்ததும், ரூம் போய்விட்டது என்றார்களாம். "அன்னிக்கு நான் பஸ் ஸ்டாண்டுல உக்காந்து அழுதேன்," என்றபோது குரல் உடைந்தது. பொய் சொல்லவில்லை. அது நடந்திருக்கும். எனக்கே நடந்திருக்கிறது. பட்ட காயத்தை இத்தனை பத்திரமாக வைத்திருக்கும் மனிதர், அதே கையால் இன்னொருத்தி முகத்தில் கதவைச் சாத்துகிறாரே என்றுதான் எனக்கு ஆத்திரம் வந்தது.

படம் ஓடியது. ஓரிடத்தில் அந்தத் தலைவர் வீட்டுரிமைக்காக ஊர்வலம் போகிறார். நல்ல நல்ல வீடுகள், வெட்டிவிட்ட புல்தரை. வேலிக்குப் பின்னால் நிற்கும் ஒரு வெள்ளைக்காரர், தனக்கு அந்த மக்கள்மேல் வெறுப்பு எதுவும் இல்லை, அவர்கள் குடிவந்தால் வீட்டு விலை விழுந்துவிடும், அவ்வளவுதான் என்கிறார். நான் திரும்பி வழக்கறிஞரைப் பார்த்தேன். கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். மூக்கை உறிஞ்சும் சத்தம் மூன்று வரிசை தாண்டிக் கேட்டது.

விளக்கு போட்டதும் கலந்துரையாடல். முதலில் எழுந்தவர், "நம்ம சமூகத்துக்கு ஏன் சார் இப்படி ஒரு தலைவர் இல்ல?" என்று கேட்டார். வழக்கறிஞர் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டார். அந்த வேலைக்கு விண்ணப்பம் போட்டிருப்பவரின் குனிவு அது.

நான் கையைத் தூக்கினேன். மைக் வந்தது.

"லாயர் சார், படம் நல்லாருந்துச்சு. என் வீட்டுல குடியிருக்கிற ஆப்பிரிக்கப் பொண்ணுக்கு எப்ப கார்டு குடுப்பீங்க?"

அவர் சிரித்தார். "அக்கா, அது வேற மேட்டர் லா."

"எப்படி வேற? வேலிக்குப் பின்னாடி நின்னாரே, அவரும் நீங்க சொன்னதத்தான சொன்னாரு?"

"இது பாலிசி விஷயம். மீட்டிங்குல பேசுவோம்."

பின்னாலிருந்து ஓர் ஆண்குரல், "கொண்டோ பிரச்சினைய கொண்டோல பேசுங்க லா ஆன்டி," என்றது. கூட்டம் நிம்மதியாகச் சிரித்தது. கொஞ்ச நேரம் முன்புவரை கண் கலங்கியிருந்த கூட்டம். தொகுப்பாளர் மைக்கை வாங்கிக்கொண்டு, கறிபாப் பலகாரம் ஆறிவிடும் என்று அறிவித்தார். நீதிக்குக் காட்டாத அவசரத்தோடு எல்லோரும் எழுந்தார்கள்.

தேநீர் மேசையருகே பட்டுப்புடவை கட்டிய ஓர் அம்மாள் என் முழங்கையைத் தொட்டு, "நல்லாக் கேட்டீங்க," என்றார். சொல்லும் முன் இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டார். இப்படிக் காதோடு வரும் பாராட்டை என்ன செய்வது? நான் கறிபாப்கூட எடுக்காமல் வந்துவிட்டேன்.

நடந்ததை அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "ஆன்டி, நான் கிள்ளான்ல ஒரு ரூம் பாத்துட்டேன்," என்றாள் ஆங்கிலத்தில். "தினம் நீங்க கீழ வர்றது எனக்குக் கஷ்டமா இருக்கு."

சனிக்கிழமை என் காரிலேயே கொண்டுபோய் விட்டேன். வழி முழுக்க நான்தான் திட்டிக்கொண்டு வந்தேன். அவள் ஜன்னல் வழியே லோரிகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். கிள்ளானில் வீட்டுக்காரி பூக்கடை வைத்திருக்கும் தமிழ்ப் பெண். பேனர் எதுவும் இல்லாத வீடு. அவளை மேலும் கீழும் பார்த்துவிட்டு என்னிடம், "மாட்டிறைச்சி மட்டும் என் சட்டியில சமைக்க வேணாம்னு சொல்லுங்க. ராத்திரி கேட்டப் பூட்டணும்," என்றார். சொன்னேன். அவள் தலையாட்டினாள். சாவி கைக்கு வந்தது. அவ்வளவுதான்.

அடுத்த மாதம் கொண்டோ குழுவில் வழக்கறிஞரின் நீண்ட செய்தி. ஆவணப்படம் தந்த ஊக்கத்தால், எந்த நாட்டவருக்கும் இனி கார்டு மறுக்கப்படாது என்று தாம் போராடி முடிவெடுக்க வைத்தாராம். யாரோடு போராடினார் என்று சொல்லவில்லை. கீழே இதயங்களும் கூப்பிய கைகளும் வரிசையாக வந்து விழுந்தன.

மறுநாள் ஃபோன் செய்தார். "அக்கா, அடுத்த ஸ்கிரீனிங்குக்கு அந்தப் பொண்ணக் கூட்டிட்டு வாங்க. மேடையில பொன்னாடை போடுறோம்."

"அது கிள்ளானுக்குப் போயிடுச்சு சார்."

"பரவால்ல, கார் அனுப்புறேன்."

அவளைக் கேட்டுவிட்டு அவருக்குத் திரும்பக் கூப்பிட்டேன். "அன்னிக்கு அதுக்கு வேலை இருக்காம்."

"ஞாயித்துக்கெழம என்ன வேல?"

"துணி துவைக்கணுமாம்."

துணியைச் சனிக்கிழமையே துவைத்துவிட முடியுமா என்று கேட்டார்.